கூலி: ஒரு சொல்லும் அதன் சுமையும்

தமிழ்ச் சொற்கள் கடல் கடந்து சென்று பிறமொழிகளில் குடியேறிய வரலாற்றை நாம் விழா மேடைகளில் பெருமையோடு எடுத்துரைப்பது வழக்கம். கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி' என்னும் பெயரோடு ஆங்கிலேயரின் விருந்து மேசையில் ஏறிற்று. இவற்றைச் சொல்லும்போது கேட்போர் முகம் மலர்கிறது. ஆனால் இவற்றுக்குச் சற்றும் குறையாத தொலைவு சென்று, இவற்றினும் மிகுதியாக மனித வாழ்வைத் தொட்ட சொல் ஒன்று உண்டு. அதைப் பற்றி மேடைகளில் நாம் பேசுவதில்லை. அச்சொல் 'கூலி' என்பது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்து, பிறமொழியாளர் நடுவே வாழும் நாம் இச்சொல்லின் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும். ஏனெனில் அது ஒரு சொல்லின் வரலாறு மட்டும் அன்று. ஓர் அறவினாவின் வரலாறும் ஆகும். ஒருவர்க்கு நாம் கொடுக்கவேண்டிய பொருளின் பெயரால் அவரையே அழைக்கலாமா? அவ்வாறு அழைக்கும்போது அவரிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறோம்? இதுவே அவ்வினா.

தாய்வீட்டில் இச்சொல்லின் நிலை

தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகத் தரப்படும் பொருள். மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய உறவுமொழிகளிலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. அது ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் உரிய சொல்லாகவும் இருந்ததில்லை. பொற்கொல்லர் பெறுவது செய்கூலி. தையற்காரர் பெறுவது தையற்கூலி. வண்டிக்குத் தருவது வண்டிக்கூலி. குடியிருக்கும் வீட்டுக்குத் தரும் வாடகையைக் குடிக்கூலி என்றே நம் முன்னோர் வழங்கினர். வீட்டுக்குச் சொந்தக்காரர், ஊரில் செல்வாக்கு மிக்கவர், மாதந்தோறும் வாங்கியதும் கூலிதான். அச்சொல்லால் அவர் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல்லை மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறார். ஊழின் காரணமாக ஒரு செயல் கைகூடாது போயினும், உடல் வருந்த உழைத்த முயற்சி தனக்குரிய பயனைத் தராமல் போகாது என்பது அக்குறளின் கருத்து. அப்பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி. தெய்வத்தோடு ஒப்பவைத்துப் பேசும் இடத்தில் இச்சொல்லை அவர் ஆண்டார் என்றால், அதில் இழிவின் நிழல் சிறிதேனும் அக்காலத்தில் இருந்திருக்க இயலுமா?

கூலி என்பது கூலம் என்னும் சொல்லோடு தொடர்புடையது என்று கருதுவாரும் உளர். கூலம் என்றால் தானியம். மணிமேகலை ஆசிரியர் சாத்தனாரைக் கூலவாணிகன் என்று குறிப்பது யாவரும் அறிந்தது. உழைத்தவர்க்கு நெல்லாகவும் தினையாகவும் அளந்து கொடுத்த நாட்டில், கூலத்திலிருந்து கூலி பிறந்தது என்பது பொருத்தமான கருத்தே. ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் 'சாலரி' என்னும் சொல் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததையும் இங்கே நினைக்கலாம். உண்பதும் உழைப்பதும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை மொழிகள் தத்தம் வழியில் காட்டி நிற்கின்றன.

நேர்ந்தது ஒரு திணைவழு

இங்கே தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு நல்ல விளக்கைக் கையில் தருகிறது. மக்களைச் சுட்டும் சொற்களை உயர்திணை என்றும், பிற யாவற்றையும் அஃறிணை என்றும் தொல்காப்பியர் வகுத்தார். கூலி என்பது பொருளின் பெயர், ஆதலால் அஃறிணை. அதைப் பெறும் மனிதரைச் சுட்ட வேண்டின், 'கூலியாள்' என்றோ 'கூலிக்காரர்' என்றோ சொல்ல வேண்டும். 'ஆள்' என்னும் அந்தச் சிறு சொல் வந்து சேர்ந்தால்தான் பொருள் மனிதராகிறது, அஃறிணை உயர்திணையாகிறது.

கப்பலேறிய கூலி என்னும் சொல்லில் உதிர்ந்துபோனது அந்த 'ஆள்' தான். வேற்றுநாட்டார் நாவில் கூலி என்பது மனிதரின் பெயராயிற்று. இலக்கணம் வல்லார், இதனை ஆகுபெயர் என்று அமைக்கலாமே என்று வினவக்கூடும். ஊர் சிரித்தது என்கிறோம். சிரித்தவர் ஊரில் உள்ள மக்கள். அவ்வாறே கூலி வந்தது என்றால் கூலி பெறுபவர் வந்தார் என்று கொள்ளலாகாதா? கொள்ளலாம், ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஆகுபெயரில் முதற்பொருள் மறைந்துவிடுவதில்லை. ஊர் சிரித்தது என்னும்போது ஊரும் நம் நினைவில் நிற்கிறது. தோட்டத்துரை 'கூலி' என்று கூவியபோது, அச்சொல்லுக்குள் தான் கொடுக்கவேண்டிய ஊதியம் ஒன்று இருப்பதாக அவர் செவி உணர்ந்ததா? இல்லை. கடன் மறைந்தது, கடன்பட்டவர் மறைந்தார், சுமப்பவர் மட்டும் எஞ்சினார். ஆகவே இதனை ஆகுபெயர் என்பதைவிடத் திணைவழு என்பதே பொருந்தும்.

பல மொழிகள், பல பிறப்புகள்

இச்சொல்லுக்குத் தமிழர் மட்டுமே உரிமை கொண்டாட இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற சொல்லகராதியில் யூலும் பர்னெலும் இதன் பிறப்பைக் குஜராத், கொங்கணப் பகுதிகளில் வாழும் 'கோலி' மக்களின் பெயரோடு இணைத்தனர். தமிழ்க் கூலியும் அதனோடு கலந்திருக்கக் கூடும் என்றனர். மும்பை நகரம் தோன்றுமுன் அத்தீவுகளில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் கோலிகள். இன்று நம்மவர் பலர் வாழும் அப்பெருநகரின் மூத்த குடிகள் அவர்களே. ஓர் இனத்தின் பெயர், உலகமெங்கும் சுமைதூக்குவோரின் பெயராகிவிட்டது என்றால், அவ்வினத்தார்க்கு அது எத்துணை வருத்தம் தரும்!

மூன்றாவது பிறப்பு துருக்கி மொழியைச் சார்ந்தது. அம்மொழியில் 'குல்' என்றால் அடிமை, ஏவலர். வடநாட்டில் புகைவண்டி நிலையச் சுமையாளரைக் குறிக்கும் 'குலி' என்னும் சொல்லை இத்துருக்கிச் சொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உளர். 1591-இல் ஐதராபாத் நகரை நிறுவிய அரசரின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. அங்கே 'குலி' என்பது அடியவர் என்னும் பொருளது. அரியணையில் வீற்றிருந்தவர் தம் பெயரிலேயே அடிமை என்னும் சொல்லை அணியாகப் பூண்டிருந்தார். நம் நாட்டிலும் அடியேன் என்றும் தாசன் என்றும் பெரியோர் தம்மைக் கூறிக்கொண்டது போன்றதே அது. ஒருவர் தாமே விரும்பித் தாழ்ந்து நிற்பது பணிவு. அதே சொல்லை மற்றவர் அவர்மேல் சுமத்துவது இழிவு. ஒலி ஒன்றே, யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்பதில்தான் அறம் அடங்கியிருக்கிறது.

நான்காவது சீனம். அம்மொழியில் இச்சொல்லை எழுதும்போது இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்துவர். ஒன்றின் பொருள் கசப்பு அல்லது துன்பம். மற்றதன் பொருள் வலிமை. 'கசந்த வலிமை' என்று அதனைத் தமிழில் கூறலாம். இதைக் கண்டு இச்சொல்லே சீனத்தில் பிறந்தது என்று எண்ணியவர் உண்டு. உண்மையில் அது வெளியிலிருந்து வந்த ஒலிக்குச் சீனர் தேர்ந்துகொடுத்த எழுத்துருவம். ஆயினும் எத்தகைய தேர்வு! அகராதி ஆசிரியர்கள் பல பக்கங்களில் எழுதிய வரலாற்றை இரண்டே எழுத்துகளில் எழுதிவிட்டனர்.

கடல் கடந்த கதை

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். ஆனால் கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்னும் கப்பலில் 36 இந்தியர் மொரிசியசில் இறங்கினர். ஒப்பந்தத் தொழிலாளர் முறையின் தொடக்கம் அது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஏறத்தாழ 1,52,000 பேர் சென்றனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள்.

அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு? நேட்டாலில் முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, ஐந்தாண்டு ஒப்பந்தம். மொரிசியசில் 'இரட்டை வெட்டு' என்றொரு வழக்கம் இருந்தது. ஒருநாள் வேலைக்கு வராதவர்க்கு இரண்டுநாள் கூலி பிடிக்கப்பட்டது. நோயில் கிடந்தவர் எழுந்து வரும்போது அவர் தோட்டத்துக்குக் கடன்பட்டவராக இருப்பார். இதிலுள்ள கொடிய முரணைக் காண்க: அம்மக்கள் கூலி என்று அழைக்கப்பட்டனர், அவர்களுக்கு உரிய கூலியோ குறைக்கப்பட்டது. பெயர் நிலைத்தது, பொருள் பறிபோயிற்று. கப்பற் பதிவேடுகளில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டது. பெற்றோர் இட்ட பெயர் ஒருபுறம் கிடக்க, எண்ணும் 'கூலி' என்னும் சொல்லுமே அவர்களின் அடையாளமாயின.

இலங்கையிலும் மலேயாவிலும் கங்காணி முறையில் சென்ற நம்மவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. அங்கே அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் 'கூலி லயங்கள்' எனப்பட்டன. தோட்டத்துரைமார் கற்பதற்கென்று 'கூலித் தமிழ்' என்னும் பெயரில் பாடநூல்களும் அச்சாயின. வள்ளுவர் பேசிய மொழி, ஆளை வேலை வாங்கும் அளவுக்குச் சுருக்கப்பட்டு, அப்பெயரோடு விற்பனைக்கு வந்தது.

இந்தியரோடு சீனரும் இப்பெயரைச் சுமந்தனர். 1847-இல் கியூபாவுக்குச் சீனத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். 1862-இல் அமெரிக்கக் கப்பல்கள் 'கூலி வணிகத்தில்' ஈடுபடுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கப் பேராயம் இயற்றியது. சுமத்திராவின் புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சு அரசு 1880-இல் 'கூலிச் சட்டம்' ஒன்றைக் கொணர்ந்தது. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்கு அது குற்றவாளிக்குரிய தண்டனையை வகுத்தது. வணிகம் எதன்மேல் நடந்ததோ, சட்டம் எதன்மேல் இயற்றப்பட்டதோ, அது ஒரு பண்டம் போலவே ஏடுகளில் காட்சி தருகிறது. திணைவழு இலக்கணத்தோடு நின்றுவிடாமல் சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

நேட்டாலில் இருவர்

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், அங்கே இந்தியர் யாவரும் கூலிகள் என்றே அழைக்கப்படுவதைக் கண்டார். வணிகர் கூலி வணிகர்; வழக்கறிஞராகிய அவர் கூலி பாரிஸ்டர். தமிழ்ப் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி' என்பதையும் வெள்ளையர் வசைச்சொல்லாக ஆக்கினர் என்று அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். சாமி என்றால் தலைவன் என்று பொருள். நான் உமக்குத் தலைவன் அல்லனே என்று நகைச்சுவை உணர்வுடைய இந்தியர் சிலர் திருப்பிச் சொன்னதையும் குறித்துள்ளார். வசையை அதன் சொந்தப் பொருளாலேயே வெட்டிய அந்தச் சொல்வன்மையை வியவாதிருக்க இயலவில்லை.

அவர் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த 1894-இல், பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவரிடம் வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி நடுங்கி நின்றார். வெள்ளையர் முன் செல்லும் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிருந்தது. காந்தியடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் செய்தார். பின்னர் மருத்துவரிடம் அனுப்பினார், நடுவர்மன்றத்தை நாடினார், அக்கொடியவரிடமிருந்து அவரை விடுவித்து வேறொருவரிடம் மாற்றினார்.

இந்நிகழ்ச்சியின் வரிசையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். காயத்துக்கு மருந்தும் வழக்குக்கு நீதியும் தேவை. அவற்றுக்கும் முன்னதாகத் தலைப்பாகை தலைக்கு ஏறியது. உதிர்ந்துபோன 'ஆள்' என்னும் சொல் அன்று அந்த அறையில் மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

விலக்குவதா, மீட்பதா?

இன்று இச்சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நிலையில் உள்ளது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரை நோக்கி இதனைச் சொல்வது கடும் வசை. ஜமைக்காவில் நம் இலந்தைப் பழத்துக்குக் 'கூலிப் பழம்' என்று பெயர். கொண்டு சென்றவர்களின் நினைவு அப்பழத்தில் இப்படித் தங்கிவிட்டது. கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் 'குலி' என்பது துறைமுகத் தொழிலாளி. சான்சிபார் துறைமுகத் தொழிலாளரின் 1948 வேலைநிறுத்தத்தை வைத்து அடம் ஷாஃபி எழுதிய நாவலின் பெயரும் அதுவே. இந்தோனேசியாவில் செய்தியாளர்கள் தம்மையே 'மைக்கூலிகள்' என்று சொல்லிச் சிரித்துக்கொள்கின்றனர்.

இச்சொல்லை அடியோடு விலக்குவது ஒரு வழி. மொரிசியசில் தொழிலாளர் வந்திறங்கிய 'கூலி படித்துறை' பின்னர் 'ஆப்ரவாசி படித்துறை' என்று, குடியேறி வந்தோரின் படித்துறையாகப் பெயர் மாறியது. 2006-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களின் பட்டியலில் அப்பெயரோடு இடம்பெற்றது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு இரயில்வே நிதியறிக்கையில், நிலையச் சுமையாளரை இனிக் கூலி என்னாது 'சகாயக்', அஃதாவது உதவியாளர், என்று அழைப்பது என அறிவிக்கப்பட்டது.

சொல்லை ஏற்று மீட்பது மற்றொரு வழி. மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992-இல் 'கூலித்துவம்' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் படைத்து, இழிசொல்லையே தம் முன்னோர் பட்ட பாட்டின் கொடியாக உயர்த்தினார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், கல்கத்தாவிலிருந்து 1903-இல் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றைத் தேடி 2013-இல் வெளியிட்ட நூலுக்குக் 'கூலிப் பெண்' என்றே பெயரிட்டார்.

இவற்றுள் எது சரி? அதைத் தீர்மானிக்கும் உரிமை அப்பெயரைச் சுமந்தவர்க்கும் அவர் வழியினர்க்கும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் விலக்குவோம்; எங்கள் கொடி என்றால் வணங்குவோம். சுமக்காதவர் அதனை எடுத்து விளையாடலாகாது.

பெயரில் என்ன இருக்கிறது, வயிற்றுக்கு வேண்டியது கூலியன்றோ என்பார் கூற்றையும் நாம் புறந்தள்ள இயலாது. உதவியாளர் என்று அழைத்துவிட்டுப் பேசிய தொகையில் பத்து ரூபாயைக் குறைத்துக் கொடுப்பதில் என்ன அறம் உண்டு? தாய்வீட்டில் இச்சொல் தன் பொருளை இழக்காதிருந்தபோதும், அங்கே நீதி தழைத்திருந்தது என்று சொல்வதற்கில்லை. 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் பெரும்பான்மையோர். அக்குடும்பங்கள் கேட்டது நெற்கூலியில் சிறிது உயர்வு. கூலத்திலிருந்து கூலி பிறந்த நாட்டில், கூலம் விளைவித்தவர் கூலி கேட்டதற்குத் தீ வைக்கப்பட்டது. சொல்லின் தூய்மை தானாக மனிதரைக் காப்பாற்றாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. பெயரும் வேண்டும், பொருளும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுப்பவர் இரண்டையும் மறுத்தவரே ஆவர்.

நம் வாயில் பிறக்கும் சொற்கள்

இறுதியாக நம்மை நோக்கி ஒரு சொல். வெளிமாநிலங்களுக்கு வந்த நம் முன்னவர் 'மதராசி' என்னும் சொல்லின் கசப்பை அறிவர். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டவர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின்போது அச்சொல்லைக் கேட்டுக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்த குடும்பங்கள் உண்டு. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பிழைப்புத் தேடித் தமிழகம் செல்லும் இளைஞர்கள் திருப்பூரின் ஆலைகளிலும் சென்னையின் கட்டடங்களிலும் உழைக்கின்றனர். அவர்களை 'வடக்கன்' என்று ஒருமையில் விளிக்கும் குரல் அங்கே கேட்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாமும் அக்குரலோடு சேர்ந்துகொள்கிறோமா? வடக்கு என்பது திசையின் பெயர். திசை ஒருவருடைய பெயர் ஆகாது. கூலி ஒருவருடைய பெயர் ஆகாதது போலவே.

நம் பிள்ளைகள் தமிழோடு வேறு இரண்டு மூன்று மொழிகளைக் கற்று வளர்கின்றனர். எந்த மொழியில் பேசினும், மனிதரைக் குறிக்கும் இடத்தில் உயர்திணை வழுவாதிருக்க அவர்களுக்குக் கற்பிப்பது நம் கடமை. வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கும், நிலையத்தில் நம் பெட்டியைத் தலையில் ஏற்றும் முதியவர்க்கும் பெயர் உண்டு. அதைக் கேட்டறிந்து அழைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. பேசிய கூலியைப் பேரமின்றிக் கொடுப்பதற்குச் சிறிது செலவு உண்டு. அவ்விரண்டையும் நாம் செய்வதைப் பிள்ளைகள் பார்த்தால், தனியாக ஒரு பாடம் வேண்டியதில்லை.